எச்.ஆர்.காரர்கள் ஏன் பிடிகொடுத்துப் பேசுவதில்லை?

கேள்வி கேட்டவர் தக்கலைப் பக்கத்தவர். ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார், எம்.பி.ஏ.வில் மனிதவளம் (எச்.ஆர்.) எடுக்கலாமா என்று யோசிக்கிறார். ஆனால் தான் பார்த்த எச்.ஆர்.காரர்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள், எதற்கும் பிடிகொடுப்பதில்லை என்கிறார். அவர்களுடைய மனப்பாங்கு என்ன, வாழ்க்கை எப்படி ஓடுகிறது, குமரி மாவட்டத்தை விட்டுப் போகாமல் இந்தத் தொழிலில் மேலே வர முடியுமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த வேலைக்குப் போனால் நானும் அப்படி ஆகிவிடுவேனா? அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற மூன்றும் வழியிலேயே வந்துவிடும்.

நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு நூற்பாலையில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் தொடங்கியவன். பிறகு ஒரு மருத்துவமனை, அதன்பின் திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனம். இப்போது நாகர்கோவிலில் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வேலைகளைச் செய்துகொடுக்கிறேன். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள பெருநிறுவனங்களில் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. அங்கிருக்கும் நண்பர்கள் சொல்லித் தெரிந்ததை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சட்டம் என்று சொல்வது சட்டம். குணம் என்று சொல்வது என் கணிப்பு, அதோடு நீங்கள் சண்டை போடலாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எச்.ஆர்.காரரின் குணம் என்று நீங்கள் எண்ணுவதில் பெரும்பகுதி, அவருக்கு அதிகாரம் எவ்வளவு குறைவு என்பதால் வருவது. நம் மாவட்டத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் குடும்பச் சொத்து. மருத்துவமனை என்றால் டாக்டரும் அவர் மனைவியும், ஜவுளிக்கடை என்றால் அண்ணன் தம்பிகள், கல்லூரி என்றால் தாளாளரும் அவர் மகனும். யாரை எடுப்பது, யாருக்கு எவ்வளவு கூட்டுவது, யாரை நிறுத்துவது என்பதெல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முடிவாகிறது. மறுநாள் காலையில் அதைக் கடிதமாக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் எச்.ஆர். அதிகாரி. கடிதத்தில் அவர் பெயர் இருப்பதால் முடிவும் அவருடையது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். 'இது என் முடிவில்லை' என்று அவர் சொல்லவும் முடியாது. சொன்னால் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார்.

இதோடு ரகசியமும் சேர்கிறது. எல்லோருடைய சம்பளமும் அவருக்குத் தெரியும். யார் மீது யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், யார் வங்கிக் கடனுக்காகச் சம்பளச் சான்று கேட்டு வந்தார்கள், யார் என்ன நோய்க்காக விடுப்பில் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். உங்களுக்கு இந்த ஆண்டு ஊதிய உயர்வு இல்லை என்பது நேற்றே தெரிந்திருக்கும். நீங்கள் போய்க் கேட்டால், "மேலே பேசியிருக்கிறேன், பார்ப்போம்" என்பார். பொய்யா என்றால், பாதி பொய். அவர் பேசியிருப்பார், பதிலும் கிடைத்திருக்கும், அந்தப் பதிலைச் சொல்லும் உரிமை இன்னும் கிடைத்திருக்காது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் வாய்க்கு மட்டும்தான் பூட்டுப் போடுகிறார்கள். நாளாக ஆகச் சிலருக்கு அது முகத்திலும் விழுந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த சிரிப்பு அதுவாக இருக்கலாம்.

இந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆலைகளில் ஆள் எடுப்பதும் அனுப்புவதும் மேஸ்திரிகள் கையில் இருந்தது, தோட்டங்களில் கங்காணி. வேலைக்கு எடுக்க மாமூல், லீவு கொடுக்க மாமூல். தொழிலாளர் நிலையை ஆராய விட்லி தலைமையில் அமைந்த ராயல் கமிஷன் 1931இல் கொடுத்த அறிக்கையில், இந்தப் பிடியை உடைக்க ஆலைகளில் தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்கும்படி சொன்னது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில் நல அதிகாரி கட்டாயம் என்றது. பல மாநிலங்களின் விதிகள் ஒரு படி மேலே போய், நல அதிகாரி தொழிலாளி மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தலையிடக் கூடாது, நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராக நீதிமன்றத்தில் நிற்கக் கூடாது என்றும் எழுதி வைத்தன. சம்பளம் நிர்வாகம் தரும், ஆனால் நீ நடுவில் நில் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது என்னவென்றால், கேன்டீனைக் கவனித்த அதே மனிதரிடம் மெமோ எழுதும் வேலையும் வந்து சேர்ந்தது. நான் சேர்ந்த ஆலையில் எங்கள் அதிகாரி காலையில் கேன்டீன் சாம்பாரை ருசி பார்ப்பார், பிற்பகலில் உள்விசாரணையில் சார்ஜ் ஷீட் வாசிப்பார். தொழிலாளர்கள் அவரிடம் சாம்பாரைப் பற்றிக்கூட மனம் விட்டுப் பேசியதில்லை.

ஆகவே எச்.ஆர். நிர்வாகத்தின் ஆளா என்று யாராவது கேட்டால், ஆம் என்பதுதான் பதில். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. நண்பரிடம் சொல்வதுபோல எதையும் எச்.ஆர். அறையில் போய்க் கொட்டாதீர்கள் என்று என் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நிர்வாகத்தின் ஆட்களுக்குள்ளேயே நல்ல அதிகாரியும் மோசமான அதிகாரியும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு இடத்தைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ச்சியாக வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். கணக்கு 480ஐ நெருங்கும்போது, சில இடங்களில் மேலிருந்து வாய்மொழியாக ஒரு உத்தரவு இறங்கும்: "அவனுக்கு ஒரு பிரேக் கொடுத்துவிடுங்கள்." அதாவது, சில நாள் வீட்டில் இருக்கச் சொல்லி, கணக்கை முடித்ததாகக் காட்டி, பிறகு புதிதாகச் சேர்த்ததுபோல மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எழுதிவிடுவது. ஒருவகை அதிகாரி, சரி சார் என்று செய்துவிட்டு, தொழிலாளியிடம் சிரித்துக்கொண்டே, "உங்கள் நன்மைக்குத்தான்" என்பார். இன்னொருவகை, எழுத்தில் கொடுங்கள் சார் என்று கேட்டு, தன் தலையை மட்டும் காப்பாற்றிக்கொள்வார். மூன்றாவது வகை கொஞ்சம் அபூர்வம். அவர் ஒரு தாளை எடுத்து, இது வேண்டுமென்றே உண்டாக்கிய இடைவெளி என்று தெரிந்தால் நீதிமன்றம் அதைத் தள்ளிவிடும், அப்போது நிரந்தரப் பணியும் கொடுக்க வேண்டும், முன்தேதியிலிருந்து சம்பள வித்தியாசமும் கொடுக்க வேண்டும், வக்கீல் செலவு தனி என்று தொகை போட்டுக் காட்டுவார். முதலாளி தாளைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். நான் மதித்த அதிகாரிகள் எல்லோரும் இந்த மூன்றாவது வகை. அறத்தைப் பேசி அவர்கள் ஒரு காரியமும் சாதித்ததில்லை. செலவைக் காட்டித்தான் சாதித்தார்கள். தாங்கள் தடுத்த எதையும் வெளியில் சொல்லிக்கொள்ளவும் முடியாது. அதனால் தொழிலாளி கண்ணுக்கு மூன்று பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

எங்கிருந்து வந்தவர் என்பதும் மனப்பாங்கை மாற்றுகிறது. நம் பக்கத்தில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நிர்வாக அதிகாரியாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம். நேரம் தவறாதவர்கள், பதிவேடு சுத்தமாக இருக்கும், ஆனால் ஒரு நர்ஸ் அழுதால் என்ன செய்வதென்று தெரியாது. கணக்குப் பிரிவிலிருந்து நகர்ந்து வந்தவர்கள் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிசகாமல் போடுவார்கள். நேர்முகத் தேர்வில் உட்கார வைத்தால் திணறுவார்கள். சமூகப்பணி படித்து வருகிற பிள்ளைகள் மனிதர்களுக்கு நல்லது செய்யும் எண்ணத்தோடு வருகிறார்கள். சில ஆண்டுகளில் அவர்களில் ஒரு பகுதியினர் தொண்டு நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். எஞ்சியவர்களில் இந்தத் தொழிலின் மிகச் சிறந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எம்.பி.ஏ. படித்து நேரே வருகிறவர்கள் பேச்சில் கெட்டி. அவர்களில் பலருக்கு முதல் வேலை நாளில்தான் இ.எஸ்.ஐ. என்பது காப்பீடு என்று தெரியவருகிறது. இது என் அனுபவத்தில் கண்டது மட்டுமே, ஆளுக்கு ஆள் மாறும்.

இனி, குமரி மாவட்டத்துக்கே உரிய சங்கதி. பெருநகரத்தில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரை எச்.ஆர். அதிகாரி மறுபடி சந்திக்க வாய்ப்புக் குறைவு. இங்கே அவர் ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டு பெஞ்ச் முன்னால் இருப்பார். கோயில் கொடையில் பக்கத்தில் நிற்பார். ஒருமுறை மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் விளம்பியவர், முந்தின வாரம்தான் நான் மெமோ கொடுத்த லேப் டெக்னீஷியன். பப்படத்தையும் பழத்தையும் இலையில் நொறுக்கிக்கொண்டிருந்த நான் தலையைத் தூக்கவில்லை. அவர்தான், "சார், இன்னும் கொஞ்சம்" என்று ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார். நெய்யாற்றின்கரையிலிருந்து வள்ளியூர் வரைக்கும் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்கிற ஊரில், முகத்தைத் திருப்பிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. இதனால் ஒரு நன்மையும் உண்டு. மறுபடி பார்க்கப்போகிற மனிதர் என்பதால், நிறுத்தும்போதும் கொஞ்சம் மரியாதையாக நிறுத்துகிறோம்.

அடுத்தது சிபாரிசு. பங்குத்தந்தையின் கடிதம், ஊர்த் தலைவரின் தொலைபேசி, கவுன்சிலர், கோயில் டிரஸ்டி, முதலாளியின் மாமியாருடைய தம்பி என்று ஆள் மாறும், கேட்பது ஒன்றுதான். நகரத்து எச்.ஆர். பாடங்களில் இதற்கு அத்தியாயமே கிடையாது. நான் கைக்கொண்ட வழி எளிது: பயோடேட்டாவை மறுக்காமல் வாங்கிவிடுவேன், வாங்கும்போதே, "நர்சிங் கவுன்சில் பதிவு இருக்கிறதா? இரவு ஷிப்ட் பார்ப்பார்களா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன். இல்லை என்ற பதில் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டால் பிறகு யாரும் நம்மைப் பழி சொல்ல முடியாது. இருக்கிறது என்றால் நேர்முகத்துக்கு மற்றவர்களோடு சேர்த்துக் கூப்பிடுவேன். சிபாரிசில் வந்தவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லமாட்டேன். சிபாரிசு செய்தவரின் பெயர் கெடக் கூடாது என்பதற்காகவே ஒழுங்காக வேலை பார்த்தவர்களும் உண்டு. தொல்லை எங்கே வருகிறது என்றால், அவர்களில் ஒருவருக்கு மெமோ கொடுக்க வேண்டி வரும் நாளில்.

விடுமுறைப் பட்டியலும் இங்கே ஒரு தனி வித்தை. 1958ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் கொடுக்க வேண்டும். அந்த ஐந்தை வேறு மாவட்டத்தில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இங்கே பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ஓணம், புனித வெள்ளி, ரம்ஜான், பக்ரீத், ஆயுத பூஜை எல்லாம் வரிசையில் நிற்கும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா உண்டு, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை உண்டு, மார்கழியில் சுசீந்திரம் தேர் உண்டு. கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும்தான் மூடும். தனியார் நிறுவனத்தை அது தானாகக் கட்டுப்படுத்தாது என்பதை ஒவ்வொரு ஆண்டும் விளக்க வேண்டும். போனஸிலும் இதே கதை. ஓணத்துக்குக் கேட்பவர்கள், தீபாவளிக்குக் கேட்பவர்கள், கிறிஸ்துமஸுக்குக் கேட்பவர்கள் என்று மூன்று கட்சி. நிதியாண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் மூன்றாவது கட்சி முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, டிசம்பரில் அட்வான்ஸ் கேட்டு வரும்.

வாழ்க்கை எப்படி ஓடும் என்று கேட்டீர்கள். மாதம் தேதிகளால் ஆனது. மாதக் கடைசியில் வருகைப் பதிவு, லீவு, ஓவர்டைம் எல்லாவற்றையும் மூடிச் சம்பளப் பட்டியல் தயாராக வேண்டும். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போய்விட வேண்டும். 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கட்ட வேண்டும். கடைசி நாள் இணையதளம் திணறும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் 12க்குள் இ.சி.ஆர். என்ற மாதாந்திர பி.எஃப். கணக்கை ஏற்றிவிடுவார்கள். 15 முடிந்ததும் ஒரு வாரம் மூச்சு விடலாம். உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம் 6ஆம் தேதியோ 14ஆம் தேதியோ வந்தால் என் மனைவி என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டாள். அலுவலகத்தில் நெருங்கிய நட்பு வளராது. நீங்கள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சில காலம் உறுத்தும், பிறகு பழகிவிடும். அதனால்தான் எச்.ஆர்.காரர்கள் வேறு நிறுவனத்து எச்.ஆர்.காரர்களோடு ஒட்டிக்கொள்கிறார்கள். நாகர்கோவிலில் எங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் வட்டம் உண்டு. காலையில் சுற்றறிக்கை, மதியம் சந்தேகம், இரவில் முதலாளிகளைப் பற்றிய புலம்பல். நல்ல மருந்து அது.

இந்த வேலையின் கனமான பகுதி ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊழியர் யாராவது இறந்துபோனால் வீட்டுக்குப் போகிறவர் எச்.ஆர். அதிகாரி. மாலை வைத்துவிட்டு வருவதோடு முடியாது. சில வாரம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டும், படிவங்களோடு. பி.எஃப். கணக்கில் இருக்கும் தொகை, குடும்ப ஓய்வூதியம், அதோடு இணைந்த காப்பீட்டில் ரூ.7 லட்சம் வரை கிடைக்கக்கூடிய தொகை எல்லாம் அந்தப் படிவங்களில் இருக்கின்றன. அப்போதுதான் நியமனத்தை (நாமினேஷனை) திறந்து பார்த்தால், திருமணத்துக்கு முன்பு அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தவர் பிறகு மாற்றவே இல்லை என்று தெரியும். மனைவியும் பிள்ளையும் வந்தபின் அந்த நியமனம் செல்லாது. ஆனால் அதை அண்ணனுக்கும் மனைவிக்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து விளக்க வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றுக்கு அலைய வேண்டும். திருமண அழைப்பிதழ் கொடுக்க வரும் ஊழியரிடம் வாழ்த்தோடு சேர்த்து நியமனப் படிவத்தையும் நீட்டும் பழக்கம் எனக்கு இதனால்தான் வந்தது. அழைப்பிதழோடு வந்தவர்கள் கொஞ்சம் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

நீங்கள் மருத்துவமனையில் இருப்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம். மருத்துவமனைகளில் எச்.ஆர். என்ற பிரிவு தழைத்ததற்கு என்.ஏ.பி.எச். தரச் சான்றும் ஒரு காரணம். அந்த விதிமுறைகளில் மனிதவளத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. ஒவ்வொரு ஊழியருக்கும் கோப்பு, கவுன்சில் பதிவைச் சரிபார்த்ததற்குச் சான்று, பயிற்சிப் பதிவு எல்லாம் கேட்பார்கள். ஆனால் அங்கே உண்மையான தலைவலி நர்ஸ்கள் நிலைக்காததுதான். வளைகுடாவுக்குப் போக அனுபவச் சான்று வேண்டும் என்பதற்காகவே பலர் சேர்கிறார்கள். தேவையான ஆண்டுகள் முடிந்ததும் போய்விடுகிறார்கள். இதைத் தடுக்க அசல் சான்றிதழை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருளல்ல, அதைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சேர்ந்த பின் உங்களிடம் அந்த அலமாரிச் சாவியைக் கொடுத்தால், உங்கள் முதல் சோதனை அதுதான். சரிபார்த்துவிட்டு நகலை வைத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுக்கும் நடைமுறையை நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு நெடுநாள் பிடித்தது. ஒப்புக்கொண்டபின், போகிறவர்கள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அதற்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள்.

பாலியல் தொந்தரவுப் புகார்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சின்ன ஊரில் அந்த வெளி உறுப்பினருக்கு இரண்டு குடும்பத்தையும் தெரிந்திருக்கும். புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியில் போவது இங்கே சட்ட மீறல் மட்டுமல்ல. அவளுடைய கல்யாணப் பேச்சு வரைக்கும் போய் நிற்கும். வெளி உறுப்பினரை முடிந்தால் திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ அழைத்துவாருங்கள்.

மாவட்டத்திலேயே இருந்து முன்னேற முடியுமா? ஓரளவு. மருத்துவமனைகள், பொறியியல் கல்லூரிகள், ஜவுளி, நகைக் கடைகள், கன்னியாகுமரி ஓட்டல்கள், நாகர்கோவிலின் சிறிய மென்பொருள் நிறுவனங்கள், முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைப் பராமரிப்பு நிறுவனங்கள், முந்திரி ஆலைகள் ஆகியவற்றில்தான் வேலை. ஊரில் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலைகளில் எச்.ஆர். என்ற பலகை பெரும்பாலும் இருக்காது. ஆனால் உடைக்கிற, தோல் எடுக்கிற பெண்களின் இ.எஸ்.ஐ. அட்டையையும் பி.எஃப். கணக்கையும் ஒழுங்காக வைத்திருக்கும் கிளார்க் செய்வது அதே வேலைதான், அதுவும் கடினமான வேலை. ஏணி இங்கே குட்டை. எக்ஸிகியூட்டிவ், மேனேஜர் என்று இரண்டு மூன்று படி ஏறினால் அதற்கு மேல் முதலாளி குடும்பம். அதற்கு மேல் போக விரும்புகிறவர்கள் ரயில் ஏறுகிறார்கள். குழித்துறையிலும் இரணியலிலும் காலை ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தில் திருவனந்தபுரத்து அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் கணிசம். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்கா கழக்கூட்டத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி. எல்லை தாண்டினால் மாநிலச் சட்டம் மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; கடைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்பதைக் கேரளம் 2018இலேயே கொண்டுவந்தது, தமிழ்நாடு 2021இல்.

மென்பொருள் நிறுவனத்து எச்.ஆர். வாழ்க்கை இன்னொரு உலகம். அங்கே மஸ்டர் ரோல் இல்லை, தொழிற்சங்கம் அநேகமாக இல்லை. ஆள் எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. வேலைக்கடிதம் வாங்கிய பையன் மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் வேறு இடத்துக் கடிதத்தையும் வாங்கிவைத்துக்கொண்டு, சேர வேண்டிய நாளில் தொலைபேசியை எடுக்கமாட்டான். அந்தக் காலி இடத்துக்கு எச்.ஆர். பெண்தான் பதில் சொல்ல வேண்டும். வெளியில் பூக்கோலம், கேக், பிறந்தநாள் கொண்டாட்டம் என்று தெரியும். உள்ளே வாராவாரம் எண்ணிக்கை கேட்பார்கள். ஓணக்கோலப் போட்டிக்கு நடுவராக இருந்துவிட்டு, அன்று மாலையே ஆட்குறைப்புப் பட்டியலில் உட்கார்ந்தவர்கள் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீண்ட நாள் அப்படி இருந்தவர்களில் சிலர் பிறகு மனிதர்களைத் தலைக்கணக்காகவே பேசத் தொடங்கியதையும் கேட்டிருக்கிறேன்.

ஆக, நீங்களும் அப்படி ஆகிவிடுவீர்களா? வாய் மூடும், அது நிச்சயம். மூடத் தெரியாதவர்களை இந்த வேலையில் வைத்திருக்கவே கூடாது. மற்றது எவ்வளவு தூரம் போகும் என்பது, சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்றே சொல்லப் பழகுகிறீர்களா என்பதில் இருக்கிறது. "பார்ப்போம்" என்பதற்குப் பதில், "இதற்கான பதில் என்னிடம் இல்லை, 20ஆம் தேதி கேளுங்கள்" என்று ஒரு தேதி சொல்லிப் பாருங்கள். 20ஆம் தேதி பதில் மோசமாக இருந்தாலும் கேட்டவர் உங்களை நம்புவார். உங்கள் மருத்துவமனையில் இருப்பவர் எந்த வகை என்று அறிய அவருடைய சிரிப்பைப் பார்க்க வேண்டாம். வேலையை விட்டுப் போனவர்களிடம், கணக்கு முடித்துக் கொடுக்க எத்தனை நாள் ஆயிற்று என்று விசாரியுங்கள்.

அதற்கும் இப்போது சட்டமே நாள் வைத்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைக் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. நல அதிகாரிக்கான வரம்பும் 500இலிருந்து 250ஆக இறங்கியிருக்கிறது. தாளில் இருப்பது உறுதி. நம் ஊர்க் கடைகளில் எத்தனை பேர் கையில் நியமனக் கடிதம் வந்து சேரும் என்பது வேறு விஷயம். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இதனால் சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் தெரிந்த ஆள் தேவைப்படும் என்பதை என் மேசைக்கு வரும் அழைப்புகளிலேயே பார்க்கிறேன். மாவட்டத்தை விட்டுப் போக விரும்பாத உங்களைப் போன்றவர்களுக்கு, ஒரே நிறுவனத்தில் படியேறுவதைவிட, பத்து இருபது சிறு நிறுவனங்களுக்கு இந்த வேலையைச் செய்துகொடுப்பது நல்ல வழியாக இருக்கலாம்.

படிப்பைப் பற்றி. கணக்குத் தெரிந்தவர் என்பது உங்கள் பலம்; எம்.பி.ஏ. முடித்து வரும் பிள்ளைகளுக்குச் சம்பளப் பட்டியல்தான் பயம். உங்களுக்கு இல்லாதது சட்டம். சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்தும் தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் சட்டப் பட்டயப் படிப்புகள் இருக்கின்றன, எம்.பி.ஏ.வுக்கு முன்போ பின்போ அதை யோசியுங்கள். பெயர் பெற்ற பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தால் வேலையை விட்டுப் படிக்கலாம். இல்லையென்றால் வேலையில் இருந்துகொண்டே படியுங்கள், இங்கே எந்த முதலாளியும் எம்.பி.ஏ. எங்கே படித்தாய் என்று பார்த்துச் சம்பளம் கூட்டுவதில்லை. ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன், உங்கள் மருத்துவமனையிலேயே ஒன்றாம் தேதியிலிருந்து 15ஆம் தேதி வரை சம்பளமும் பி.எஃப்.பும் போடும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். கணக்குப் பிரிவு ஆள் என்பதால் மறுக்கமாட்டார்கள். இரண்டு மூன்று மாதச் சுற்று பார்த்தபின் அலுப்புத் தட்டினால் எம்.பி.ஏ.வில் நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.